மருந்தடிக்கும் முன் கால்களை எண்ணுங்க

உழவர் கூட்டத்துக்குப் போனால் யாராவது ஒருத்தர் ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து, "சார், பூச்சி விழுந்திருக்கு, என்ன அடிக்கலாம்?" என்று கேட்பார். நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: "அதுக்கு எத்தனை காலுங்க?" சிலர் சிரிப்பாங்க, சிலருக்குக் கோபம்கூட வரும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் செலவு செய்த பணம் நம்ம பகுதியில் கொஞ்சநஞ்சம் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன் நான். அங்கே 'சஸ்பென்ஸ் கணக்கு' என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். தணிக்கைக்கு வருகிறவர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். நம்ம பேச்சில் 'பூச்சி', 'புழு' என்ற இரண்டு சொற்களும் அப்படிப்பட்ட கணக்குகள். தேள் பூச்சி, சிலந்தி பூச்சி, பூரான் பூச்சி. குழந்தை வயிற்றில் இருப்பதும் பூச்சிதான். ஆட்டுக்குக் கொடுப்பதும் 'பூச்சி மருந்து', வயலில் தெளிப்பதும் 'பூச்சி மருந்து'. புழுவும் அப்படியே. காய்ப்புழு, மண்புழு, நாடாப்புழு, நூற்புழு நாலும் ஒன்றுக்கொன்று ஆட்டுக்கும் மீனுக்கும் உள்ளதைவிடத் தள்ளிய உறவு. பெயரில் மட்டும் ஒரே குடும்பம்.

இதற்காக நாம வெட்கப்பட வேண்டியதில்லை. உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த ஸ்வீடன் நாட்டு லின்னேயஸே 1758இல் வந்த தன் நூலின் பத்தாம் பதிப்பில், முதுகெலும்பு இல்லாத பிராணிகள் அத்தனையையும் இரண்டே பெட்டியில்தான் போட்டார். ஒன்றுக்கு 'இன்செக்டா', இன்னொன்றுக்கு 'வெர்மிஸ்' என்று பெயர். அப்படியே நம்ம பூச்சியும் புழுவும்! சிலந்தி, தேள், நண்டு, பூரான் எல்லாம் முதல் பெட்டியில். மண்புழு, உருளைப்புழு, நத்தை, சிப்பி, ஜெல்லிமீன் எல்லாம் இரண்டாவதில். 1793இல் பாரிஸ் அருங்காட்சியகத்தில் பூச்சி-புழுப் பிரிவுக்குப் பேராசிரியராகப் போன லமார்க்தான் அந்தக் குவியலைப் பிரிக்க ஆரம்பித்தார். நண்டு இனத்தையும் சிலந்தி இனத்தையும் பூச்சியிலிருந்து தனியாக எடுத்து வைத்தவர் அவர். அப்புறம் 1848இல் ஜெர்மனியின் சீபோல்ட் இவற்றுக்கெல்லாம் பொதுவாக 'ஆர்த்ரோபோடா' என்று பெயர் கொடுத்தார். தமிழில் கணுக்காலிகள் என்கிறோம், நல்ல பெயர்.

தொல்காப்பியத்து மரபியலில் உயிர்களைப் புலனறிவை வைத்துப் பிரித்திருப்பது பலருக்குத் தெரியும். கறையானையும் எறும்பையும் மூன்றறிவில் வைத்துவிட்டு, நண்டையும் தும்பியையும் சேர்த்து நான்கறிவில் வைத்திருக்கிறது. தண்ணீரில் கிடக்கும் நண்டும் காற்றில் பறக்கும் தும்பியும் ஒரே வரிசை! அங்கே அளவுகோல் வேறு, கண் பார்வை இருக்கிறதா என்பது. வேலைக்காரக் கறையானுக்குக் கண் இல்லை என்பது உண்மையும்கூட.

சரி, கணுக்காலி என்றால் என்ன? உடம்பு கண்டம் கண்டமாக இருக்கும். கால் நம்ம முழங்கை மாதிரி மடங்கி மடங்கி கணுக்களோடு இருக்கும். எலும்பு உள்ளே கிடையாது, வெளியே கைட்டின் என்ற பொருளால் ஆன ஓடு. உலகத்தில் பெயர் வைக்கப்பட்ட விலங்கு வகைகளில் ஐந்தில் நாலுக்கு மேல் இவைதான். ஓடு வெளியே இருப்பதால் ஒரு சிக்கல்: உடம்பு வளர்ந்தால் ஓடு வளராது. அதனால் பாம்பு மாதிரி சட்டையை உரித்துப் போட்டுவிட்டுப் புதுச் சட்டை போட வேண்டும். அந்த நேரத்தில் உடம்பு மெத்தென்று இருக்கும், ஓட முடியாது, கடிக்க முடியாது. கணுக்காலியின் வாழ்க்கையில் ஆபத்தான நேரம் அதுதான். வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டின் கைவைப்பது சரியாக அந்த இடத்தில். 1968இல் இங்கிலாந்தில் பிரித்தெடுத்த பொருள் அது. பூச்சி சட்டை உரிப்பதை நடத்தும் ஹார்மோனை அது குழப்புகிறது, தின்னும் ஆசையையும் கெடுக்கிறது. வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்த மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு "ஒண்ணும் சாகலையே" என்று உதட்டைப் பிதுக்குகிறவங்க இதைக் கவனிக்கணும். அடுத்த சட்டை உரிக்கும்போதுதான் அது மாட்டிக்கொள்ளும். அதனால்தான் புழு சின்னதாக இருக்கும்போதே அடிக்கச் சொல்வது.

இப்போ கால் கணக்குக்கு வருவோம். ஆறு கால், உடம்பு தலை-மார்பு-வயிறு என்று மூன்று பகுதி, தலையில் ஒரு ஜோடி உணர்கொம்பு இருந்தால் அது பூச்சி. எட்டுக் கால், உடம்பு இரண்டு பகுதி, உணர்கொம்பே கிடையாது என்றால் சிலந்தி இனம். தேளும் உண்ணியும் செம்பேனும் இதில் சேரும். கண்டத்துக்கு ஒரு ஜோடி கால் என்றால் பூரான். இரண்டு ஜோடி என்றால் மரவட்டை, சில ஊரில் ரயில் பூச்சி என்பார்கள். நண்டு, இறாலுக்குப் பத்துக் கால், இரண்டு ஜோடி உணர்கொம்பு.

இதில் பணம் போகும் இடம் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்கிறது. மிளகாயை எடுத்துக்கொள்ளுங்க. இலை சுருளுது என்று எல்லாரும் ஒரே புகார் சொல்வாங்க. இலையின் ஓரம் மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன் வேலை. இலை கீழ்நோக்கிக் கவிழ்த்த படகு மாதிரி சுருண்டு, காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்தியின் வேலை. இலைப்பேன் ஆறு கால் பூச்சி. மஞ்சள் சிலந்தி எட்டுக் கால் பிராணி. நம்ம மொழியில் 'பேன்' என்றும் 'சிலந்தி' என்றும் மாற்றி மாற்றிச் சொல்வதால் கடைக்காரருக்கும் குழப்பம், நமக்கும் குழப்பம். பூச்சியைக் கொல்லும் பல மருந்துகள் சிலந்தி இனத்தை ஒன்றும் செய்யாது. ஒன்றும் செய்யாவிட்டால்கூடப் பரவாயில்லை. செம்பேனைத் தின்னும் பொறிவண்டையும், இரை தேடும் நல்ல பேன் வகைகளையும் அது துடைத்துவிடுகிறது. பத்து நாளில் செம்பேன் முன்னைவிடப் பல மடங்காகி நிற்கும். "மருந்து பத்தலை" என்று இன்னொரு டப்பா வாங்குவோம். மருந்து என்ற சொல்லே இந்த இடத்தில் எனக்குப் பிடிப்பதில்லை, ஆனாலும் வாயில் வந்துவிடுகிறது.

கத்தரியிலும் வெண்டையிலும் செம்பேன் சந்தேகம் வந்தால் ஒரு வெள்ளைக் காகிதத்தை இலைக்கு அடியில் பிடித்து இலையைத் தட்டுங்க. புள்ளி நகர்ந்தால் ஒரு கைலென்ஸ் வைத்துக் காலை எண்ணலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் சாதாரண லென்ஸ் போதும், சட்டைப் பையில் கிடக்கும். இலையடியில் நூலாம்படை போல மெல்லிய வலை இருந்தால் எண்ணவே வேண்டாம். ஆரம்ப நிலையில் இலையின் அடிப்புறம் படும்படி தண்ணீரையே வேகமாக அடித்தால் பாதி குறையும், ஏனென்றால் இது வறட்சியும் தூசியும் பிடித்த பிராணி. கந்தகம் செம்பேனைக் கட்டுப்படுத்தும், ஆனால் உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். அங்ககச் சான்றிதழ் வாங்கியவங்க அதன் விதிமுறையைப் பார்த்துவிட்டுப் பயன்படுத்தணும்.

கால் கணக்கில் இரண்டு விதிவிலக்கு உண்டு, சொல்லிவிடுகிறேன். முட்டையிலிருந்து வெளிவந்த செம்பேன் குஞ்சுக்கு ஆறு கால்தான் இருக்கும், ஒரு சட்டை உரித்த பிறகு எட்டாகும். இன்னொன்று, 1990களின் கடைசியில் கேரளாவிலிருந்து நம்ம தோப்புகளுக்குள் நுழைந்து தேங்காயைச் சொறி பிடித்த மாதிரி ஆக்கிய ஈரியோபைட் சிலந்தி. இதற்கு நாலே கால். நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு, பார்த்தால் சின்னப் புழு மாதிரி இருக்கும். இளங்காயின் தொப்பி இதழ்களுக்கு அடியில் ஒளிந்துகொள்வதால் மேலே அடித்த எதுவும் அதைத் தொடவில்லை என்பதைத் தென்னைக்காரர்கள் செலவு செய்து தெரிந்துகொண்டார்கள்.

எட்டுக் கால்காரர்களில் நமக்குக் கூலி இல்லாமல் வேலை செய்கிறவங்கதான் அதிகம். நெல் வயலில் தூருக்கு மேல் தண்ணீரில் ஓடும் ஓநாய் சிலந்தி வலை கட்டாது, ஓடிப் பிடித்துத் தின்னும். ஒரு நாளில் 5 முதல் 15 இரை வரை பிடிக்கும். புகையான் அதற்குப் பிடித்த சாப்பாடு. பூச்சிக்கொல்லி அடித்தால் சிலந்தி சாகும், புகையானும் சாகும், ஆனால் புகையானின் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். அது பொரிந்து வரும்போது தின்ன ஆள் இல்லை. இந்தோனேசியாவில் இப்படி அடித்து அடித்தே புகையான் பெருகி, 1986இல் அந்த நாட்டு அரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்யும் அளவுக்குப் போனது. இயற்கை விவசாயிகள் யாரும் கேட்டுச் செய்த தடை இல்லை அது. அரிசி போய்விடுமே என்ற பயத்தில் அரசே செய்தது.

பூரானையும் மரவட்டையையும் சீக்கிரம் முடித்துவிடலாம். பூரான் வேட்டைக்காரன், அதன் முதல் ஜோடிக் கால்தான் விஷக் கொடுக்காக மாறியிருக்கிறது. மரவட்டை மக்கிய இலைதழையைத் தின்று உரமாக்கும் பிராணி, தொட்டால் சுருளும். மூடாக்குப் போட்ட தோட்டத்தில் மழைக்குப் பின் கூட்டமாக வந்தால் பயந்து எதையும் தூவ வேண்டாம். வயல் நண்டு வரப்பை ஓட்டை போடுவதும் நாற்றைக் கத்தரிப்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

இனி 'புழு' என்ற அந்த இன்னொரு கணக்கு. காய்ப்புழு, படைப்புழு, கம்பளிப்புழு எல்லாம் புழுவே இல்லை, அந்துப்பூச்சியின், வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைகள். மார்பில் மூன்று ஜோடி உண்மையான கால் இருப்பதைப் பார்க்கலாம். வயிற்றில் இருக்கும் சதைக்கால்கள் கணக்கில் வராது. ஈயின் புழுவுக்குக் காலே இருக்காது, ஆனாலும் அதுவும் பூச்சிதான். மண்புழு வேறு இனம், வளைதசைப்புழு. உடம்பு முழுக்க வளையம் வளையமாக இருக்கும், நீண்டும் சுருங்கியும் நகரும், சட்டை உரிப்பதே இல்லை.

மூன்றாவது ஒரு கூட்டம் நம்ம கண்ணில் படுவதே இல்லை: உருளைப்புழுக்கள். வேளாண்மையில் நூற்புழு என்கிறார்கள். இரண்டு முனையும் கூர்ந்த நூல் துண்டு போல இருக்கும், வளையமும் இல்லை, காலும் இல்லை. உடம்பில் நீளவாட்டுத் தசை மட்டும் இருப்பதால் மண்புழு மாதிரி நீண்டு சுருங்க முடியாது, பாம்பு மாதிரி நெளியத்தான் முடியும். மேலே வழவழப்பான கெட்டித்தோல். பிறந்ததிலிருந்து வளர்வதற்குள் நாலு தடவை சட்டை உரிக்கும்.

சட்டை உரிப்பது என்றதும் உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா? விஞ்ஞானிகளுக்கு அது தோன்ற 1997 ஆனது. அதுவரை மண்புழுவும் கணுக்காலியும் கண்டம் கண்டமாக இருப்பதால் நெருங்கிய சொந்தம் என்றுதான் பாடப்புத்தகம் சொன்னது. அந்த வருஷம் 'நேச்சர்' இதழில் மரபணுவை ஒப்பிட்டு வந்த ஒரு கட்டுரை, சட்டை உரிக்கிறவை எல்லாம் ஒரு கொடிவழி என்று காட்டியது. அதன்படி வெட்டுக்கிளிக்குச் சொந்தம் நூற்புழு. மண்புழு நத்தையின் பக்கம் போய்விட்டது. வெட்டுக்கிளியையோ கும்பிடுபூச்சியையோ மிதித்தால் சில சமயம் உள்ளிருந்து குதிரை மயிர் போல நீளமான ஒன்று நெளிந்து வருமே, அந்தக் குதிரைமுடிப் புழுவும் இதே கொடிவழிதான்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஆடு மாடு வைத்திருப்பவர்கள் ஐவர்மெக்டின் ஊசியை அறிவார்கள். உண்ணி, சொறிப்பேன், வயிற்று உருளைப்புழு எல்லாம் ஒரே ஊசியில் போகும். ஆனால் நாடாப்புழு போகாது, ஈரல் தட்டைப்புழுவும் போகாது. கணுக்காலிக்கும் உருளைப்புழுவுக்கும் நரம்பில் பொதுவாக உள்ள ஒரு வாயிலை அந்த மருந்து பிடிக்கிறது, மற்ற இரண்டிடமும் அது பலிப்பதில்லை. இதே காரணத்தால் ஊசி போட்ட மாட்டின் சாணத்தில் வெளிவரும் மிச்சம் சாணவண்டின் குஞ்சுகளையும் கொல்கிறது. அந்தச் சாணத்தை உடனே தோட்டத்துக்குக் கொண்டுபோகாமல் சில வாரம் தனியாகக் குவித்து வைப்பது என் பழக்கம்.

வயலில் நூற்புழு செய்யும் சேதத்துக்கு வருவோம். தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், பாகல் என்று எதிலும் நுழைவது வேர்முடிச்சு நூற்புழு. முட்டையிலிருந்து வரும் குஞ்சு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வேர் நுனியில் புகுந்து ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அந்த இடம் வீங்கி முடிச்சாகும். பெண் பேரிக்காய் வடிவில் உப்பி, ஒரு பசைப் பொட்டலத்தில் சில நூறு முட்டை இடும். நம்ம ஊர் வெப்பத்தில் இந்தச் சுற்று ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். செடி மேலே என்ன காட்டும்? மஞ்சளாகும், குட்டையாக நிற்கும், மத்தியானம் வாடிச் சாயங்காலம் நிமிரும். உரம் பத்தலை என்பார்கள், வாடல் நோய் என்பார்கள், இலைக்கு மேல் எதையாவது அடிப்பார்கள். பிடுங்கிப் பார்த்தால் முப்பது நொடியில் தெரிந்துவிடும்.

பிடுங்கும்போது ஒரு எச்சரிக்கை. தட்டைப்பயறு, உளுந்து, கடலை வேரிலும் முடிச்சு இருக்கும், அது காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்கும் நல்ல முடிச்சு. நகத்தால் தட்டினால் தனியாக உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, உதிராது, வேரை அறுத்தால்தான் எடுக்க முடியும்.

வாழைக்காரர்கள் இந்தப் பிரிவினையைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். காற்றில் குலையோடு மரம் சாயும். சாய்த்தது கணுக்காலியா, உருளைப்புழுவா? விழுந்த மரத்தின் கிழங்கைக் குறுக்கே வெட்டுங்க. உள்ளே துளைத்துத் துளைத்துச் சுரங்கம் இருந்தால் கிழங்குக் கூன்வண்டு. கிழங்கு நன்றாக இருந்து, வேரோடு பெயர்ந்து வந்திருந்தால் ஒரு வேரை நீளவாட்டில் பிளந்து பாருங்க. மேல்சதையில் செம்பழுப்புத் திட்டு இருந்து நடு நரம்பு மட்டும் வெள்ளையாக இருந்தால் துளைக்கும் நூற்புழு. வண்டுக்குச் செய்வது வேறு: அறுவடையான வாழைத்தண்டை ஒன்றரை அடிக்கு வெட்டி, நீளவாக்கில் பிளந்து, வெட்டுப்புறம் மண்ணைப் பார்க்க மரத்தடியில் வைத்தால் வாசனைக்கு வண்டு வந்து சேரும், காலையில் பொறுக்கி அழிக்கலாம். அந்தப் பொறியில் ஒரு நூற்புழுவும் மாட்டாது. அதற்கு நடும்போதே கன்றின் கிழங்கில் வேரையும் பழுப்பு மேல்தோலையும் வெள்ளை தெரியும்வரை சீவ வேண்டும். சூடோமோனஸ் கரைத்த சேற்றுக் குழம்பில் முக்கி நட்டால் இன்னும் நல்லது. அந்த நிலத்தில் வாழைக்குப் பின் வாழை வைக்காமல் ஒரு போகம் நெல் போட முடிந்தால் அதைவிட மலிவான வழி இல்லை.

காய்கறி நிலத்தில் கோடை உழவு பெரிய வேலை செய்யும். முட்டையும் குஞ்சும் ஈரம் இல்லாமல் தாங்காது. ஏக்கருக்கு நூறு கிலோ வேப்பம்பிண்ணாக்கு, சணப்பையை மடக்கி உழுவது, செண்டுமல்லியை ஒரு முழுப் பயிராகப் போடுவது இவையெல்லாம் பலன் தருபவை. ஓரத்தில் நாலு செண்டுமல்லி நட்டுவிட்டு நூற்புழு குறையவில்லை என்று சொல்வது நியாயமில்லை; அதன் வேர் எட்டும் இடத்தில்தான் வேலை நடக்கும். கடலோர உழவர்கள் இறால் ஓடு, நண்டு ஓடு கிடைத்தால் மக்கவைத்து நிலத்தில் சேர்க்கலாம். நூற்புழுவின் தோலில் கைட்டின் இல்லை, ஆனால் முட்டை ஓட்டில் உண்டு. கைட்டினைத் தின்னும் நுண்ணுயிர்கள் இறால் ஓட்டில் பெருகினால் முட்டையையும் விடாது. அளவு மிஞ்சினால் அமோனியா கிளம்பி நாற்றைக் கருக்கும், நடவுக்குச் சில வாரம் முன்பே போட வேண்டும்.

நூற்புழு என்றாலே எதிரி என்று எழுதிவிட வேண்டாம். மண்ணில் இருப்பவற்றில் பெரும்பங்கு பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தின்று சத்தை வேருக்கு விடுவிப்பவை. ஸ்டெய்னர்நீமா, ஹெட்டெரோராப்டிடிஸ் என்று இரண்டு வகை, பூச்சிப் புழுவின் வாய் வழியாகவோ மூச்சுத்துளை வழியாகவோ உள்ளே போய், தன் வயிற்றில் சுமந்து வந்த பாக்டீரியாவை அங்கே விடும். இரண்டு நாளில் புழு சாகும். கரும்பில் வேரைத் தின்னும் வெள்ளைப்புழுவுக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள். ஹெட்டெரோராப்டிடிஸ் தாக்கிச் செத்த புழு செங்கல் நிறமாக இருக்கும். வெயிலும் வறட்சியும் இவற்றைக் கொல்லும் என்பதால் சாயங்காலம், ஈர மண்ணில்தான் விட வேண்டும்.

கண்ணால் முடிவு செய்ய முடியாவிட்டால் மண்ணைச் சோதனைக்கு எடுத்துப் போகலாம். முழுவதும் செத்த செடியின் அடியில் எடுக்காதீங்க, உணவு தீர்ந்ததும் நூற்புழு அங்கிருந்து போயிருக்கும். நோய்த் திட்டின் ஓரத்தில் அரைகுறையாக நிற்கும் நாலைந்து செடிகளின் வேர்ப்பகுதியில், அரை அடி ஆழத்து மண்ணையும் கொஞ்சம் சல்லிவேரையும் சேர்த்து எடுங்க. காயவைக்கக் கூடாது. பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கட்டி, வண்டிப் பெட்டியின் சூட்டில் வைக்காமல் நிழலில் கொண்டுபோய் அன்றோ மறுநாளோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண் கல்லூரியின் நூற்புழுவியல் துறையிலோ கொடுங்க. உயிரோடு இருந்தால்தான் அது மண்ணிலிருந்து தண்ணீருக்குள் நெளிந்து இறங்கும், அப்போதுதான் அவர்களால் எண்ண முடியும்.